கம்பியும் ஒலியும்
திகாம் பத்து வட்டாரத்தின் வானொலி வரலாறு காட்டும் உண்மை

கெடா மாநிலத்தின் தென்பகுதியில், சுங்கைப் பட்டாணி நகருக்குத் தெற்கே, மூடா ஆற்றுக்கு அண்மையில் அமைந்த சிற்றூர் திகாம் பத்து. ஆற்றைக் கடந்தால் பினாங்கு மாநிலத்தைச் சேர்ந்த செபராங் பிறை. சோழர் கல்வெட்டுகள் கடாரம் எனக் குறிக்கும் இந்நிலப்பகுதியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. அத்தோட்டங்களின் லயன் வீடுகளில் தமிழ் மக்கள் மூன்று நான்கு தலைமுறைகள் வாழ்ந்தனர். பால்மரம் வெட்டிக் களைத்து வந்தோர்க்கு மாலைப் பொழுதின் ஆறுதலாக அமைந்தது பாட்டு. முதலில் வாய்ப்பாட்டு, பின்னர் கிராமபோன், அதன்பின் வானொலி என அப்பாட்டு அவர்களை வந்தடைந்தது.

இன்று அதே வட்டாரத்தின் வீடமைப்புப் பகுதிகளில் நல்ல ஒலிக்கருவிகளை வாங்கி வைத்து இசை கேட்போர் உண்டு. அத்தகையோரிடையே உலகெங்கும் நிலவும் வழக்கு ஒன்று இங்கும் எழக்கூடியதே. சுவரிலிருந்து கருவிக்கு மின்சாரம் கொணரும் வயரை, அதாவது மின்வடத்தை, விலையுயர்ந்த ஒன்றாக மாற்றினால் இசை தெளிவடையும் என்பர் ஒரு சாரார். இடையில் மின்சீராக்கி என்னும் பெட்டியை வைத்தால் ஒலியின் கறை நீங்கும் என்றும் அவர்கள் கூறுவர். அஃது வெறும் மயக்கம் என்பர் மற்றொரு சாரார். பல்லாயிரம் ரிங்கிட் விலையுள்ள மின்வடங்கள் விற்பனைக்கு உள்ளமையின், இது பொழுதுபோக்குக்கான வாதம் மட்டும் அன்று. ஒரு குடும்பத்தின் சேமிப்பைத் தொடும் வினாவாகும்.

இவ்வினாவுக்கு ஆய்வுக்கூடம் விடை கூறும். ஆயின் வரலாறு கூறும் விடை அதனினும் ஆழமானது. மின்சாரத்தின் தரம் ஒலியைக் கெடுத்த காலம் ஒன்று மெய்யாகவே இருந்தது. அக்காலத்தைத் தோட்டப்புறத் தமிழர் நன்கு அறிவர். அக்காலம் யாது, அஃது எவ்வாறு நீங்கிற்று என்பதை அறிந்தால், இன்றைய வாதத்தில் மெய் எவ்வளவு, பொய் எவ்வளவு என்பது தானே விளங்கும்.

மின்சாரம் இன்றி வந்த பாட்டு

தோட்டப்புறத்தை முதலில் அடைந்த இசைக்கருவி மின்சாரத்தையே வேண்டாதது. சாவி கொடுத்து முடுக்கும் கிராமபோனின் தட்டைச் சுழற்றியது எஃகுச் சுருள்வில்; ஒலியைப் பெருக்கியது அதன் குழாய். வில் தளரும்போது தியாகராஜ பாகவதரின் குரலும் தளர்ந்து இழுபடும். மீண்டும் சாவி கொடுத்தால் பழைய சுருதிக்கு ஏறும். கருவிக்கு ஊட்டப்படும் ஆற்றல் சீராக இல்லாவிடில் இசை கெடும் என்னும் முதற் பாடத்தை மக்கள் இவ்வாறு காதாலேயே கற்றனர்.

அடுத்து வந்தது வானொலி. 1934ஆம் ஆண்டில் பினாங்கு வானொலிச் சங்கத்தார் இசட்.எச்.ஜே. என்னும் நிலையத்தின் வழியே ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் ஆகிய மொழிகளில் ஒலிபரப்பலாயினர். போர் முடிந்து 1946ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் மலாயா வானொலி தோன்றியது. அதன் இந்தியப் பகுதி தமிழிற் செய்தியும் பாட்டும் நாடகமும் வழங்கியது. ஒலி வானில் வந்துவிட்டது. அதனைப் பெறும் கருவிக்குரிய மின்சாரமோ லயத்துக்கு வரவில்லை.

ஆகவே மின்கலங்களால் இயங்கும் பெட்டிகளே தோட்டங்களுக்கு ஏற்றனவாயின. அக்காலப் பெட்டிகளில் வால்வுகள் இருந்தன. வால்வின் இழையைச் சூடாக்க ஒன்றரை வோல்ட் அளவில் ஒரு மின்கலமும், வால்வுக்கு உயர் அழுத்தம் ஊட்ட 90 வோல்ட் அளவில் மற்றொரு மின்கல அடுக்கும் தேவைப்பட்டன. இவ்வகைப் பெட்டியில் உறுமல் இராது. மின்கலம் தருவது ஒரே திசையில் ஓடும் அமைதியான மின்னோட்டம். ஆயின் அதன் விலை மிகுதி; மின்கலம் தளரத் தளரக் குரலும் மங்கும்.

மோட்டார்வண்டி மின்கலத்தைக் கொண்டு இயங்கும் பெட்டிகளும் வந்தன. அவற்றில் ஆறு வோல்ட்டை உயர்த்துவதற்கு அதிரி என்னும் சிறு உறுப்பு இருக்கும். அது வினாடிக்கு நூறு முறைக்கு மேல் துடித்து மின்னோட்டத்தை வெட்டி வெட்டி விடும். அத்துடிப்பு வண்டின் முரல்வுபோல் பாட்டின் பின்னணியில் கேட்கும். மின்னூட்டத்தின் குறை ஒலியில் வெளிப்பட்டமைக்கு இஃது ஐயமற்ற சான்று.

இக்குறை கெடாவுக்கு மட்டும் உரியது அன்று. 1949ஆம் ஆண்டில், ஆப்பிரிக்காவின் வட ரொடீசியாவில் மின்சாரமில்லாத மக்களுக்கென்று எவர்ரெடி நிறுவனத்தார் மலிவான மின்கல வானொலியை ஆக்கி அளித்தனர். வட்ட வடிவினதாகிய அப்பெட்டி, சமையற் பாத்திரத்தின் உடலில் உறுப்புகளைப் பொருத்திச் செய்யப்பட்டமையின், ‘சட்டி வானொலி’ எனப் பொருள்படும் பெயர் பெற்றது. மின்கம்பி எட்டாத மக்களிடம் ஒலியைக் கொண்டு சேர்ப்பது அந்நாளில் உலகின் பல நாடுகள் எதிர்கொண்ட சிக்கலாக இருந்தது.

மலாயாவில் மின்சாரம்

மலாயாவில் மின்சாரத்தின் வரலாறு ஒரு தமிழரின் பெயரோடு தொடங்குகிறது. 1894ஆம் ஆண்டில் சிலாங்கூரின் ரவாங்கில் இருந்த ஈயச் சுரங்கத்தில் லோக் இயூ என்னும் சீனச் செல்வரும் கா. தம்புசாமிப் பிள்ளையும் மின்னாக்கி ஒன்றை நிறுவினர். மலாயாவில் மின்சாரம் பயன்பட்டதற்குரிய முதற் பதிவு இதுவே என்பர். தம்புசாமிப் பிள்ளை கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலையும் பத்துமலைக் கோயிலையும் நிறுவிய பெருமகன் என்பது பலரும் அறிந்ததே. அடுத்த ஆண்டில் கோலாலம்பூர் இரயில் நிலையம் மின்னொளி பெற்றது. 1904ஆம் ஆண்டளவில் பினாங்கு நகரத் தெருக்களில் மின்விளக்குகள் எரிந்தன.

கெடாவின் பட்டணங்களுக்கு மின்சாரம் வழங்கும் பணியைத் தனியார் நிறுவனமாகிய ஹட்டன்பாக் மேற்கொண்டது. ஒவ்வொரு பட்டணத்திலும் தனித்தனி மின்நிலையம். அதன் கம்பிகள் கடைத்தெருவோடு நின்றுவிடும். தோட்டங்களோ தத்தம் டீசல் மின்னாக்கிகளை நம்பியிருந்தன. துரையின் பங்களாவுக்கும் ஆலைக்கும் முதலில் விளக்கு வந்தது. லயங்களுக்கு மின்சாரம் வந்த தோட்டங்களிலும் அது மாலையிற் சில மணி நேரமே இருந்தது. இரவில் எஞ்சின் நின்றதும் விளக்கும் பாட்டும் ஒருங்கே அணைந்தன. நள்ளிரவுக்குப் பின் எழுந்து மரம் வெட்டப் புறப்படுவோர் மண்ணெண்ணெய் விளக்கையே நம்பினர்.

அத்தகைய மின்னாக்கியின் மின்சாரம் எத்தகையது என்பதே இங்கு நோக்கத்தக்கது. மாறுதிசை மின்னோட்டம் வினாடிக்கு 50 முழுச் சுழற்சிகளை முடிக்கவேண்டும். இவ்வெண்ணை நிலைநிறுத்துவது எஞ்சினின் வேகம். ஆலையில் ஒரு பொறியை முடுக்கினால் எஞ்சின் ஒரு கணம் தடுமாறும். விளக்கு மங்கும், அதிர்வெண் 50இலிருந்து இறங்கும். வானொலிக்கு இதனால் சுருதி மாறாது. ஏனெனில் அதன் சுருதி நிலையத்திலேயே அமைந்துவிடுகிறது. ஆயின் இசைத்தட்டைச் சுழற்றும் மின்மோட்டாரின் வேகம் அதிர்வெண்ணைப் பற்றியே நிற்கும். 50 என்பது 48 ஆனால் தட்டின் வேகம் நூற்றுக்கு நான்கு பங்கு குறையும். இசைக் கணக்கில் இஃது அரைச்சுரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு. இராஜரத்தினம் பிள்ளையின் நாகசுரத் தட்டு ஒன்று சுழலும்போது இது நேர்ந்தால், இசை பயிலாதவரும் அதனை உணர்வர்.

மற்றொரு குறை உறுமல். மின்சாரத்தில் இயங்கும் வானொலிப் பெட்டி, மாறுதிசை மின்னோட்டத்தை ஒருதிசை மின்னோட்டமாக மாற்றிய பின்னரே வால்வுக்கு ஊட்டும். மாற்றப்பட்டதும் அது சீரான ஆறாக இராது. வினாடிக்கு 100 அலைகளாகத் துடிக்கும். அத்துடிப்பை அடக்குவது கண்டென்சர் எனப்படும் மின்தேக்கி. ஏரி எவ்வாறு மழைநீரைத் தேக்கிச் சீராக வாய்க்காலில் விடுகிறதோ, அவ்வாறே மின்தேக்கியும் மின்னோட்டத்தைத் தேக்கிச் சீராக விடுகிறது. நம் நாட்டு வெப்பத்தில் நாளடைவில் மின்தேக்கி உலரும். ஏரி தூர்ந்தாற்போல் துடிப்பு அடங்காமல் ஒலிபெருக்கியை எட்டும். பழைய பெட்டிகளில் கேட்ட ‘ம்ம்ம்’ என்னும் உறுமலின் காரணம் பெரும்பாலும் இதுவே. அதனை நீக்கியவர் புதிய மின்வடம் விற்றவர் அல்லர். மின்தேக்கியை மாற்றிய வானொலிப் பழுதுபார்ப்பவரே.

ஒலியையே சுமந்த கம்பி

கம்பியின் தரம் ஒலியின் தரத்தை நேரே தீர்மானித்த ஓர் அமைப்பும் இந்நாட்டில் இருந்தது. அதுவே ரெடிஃபியூஷன். 1949ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தொடங்கிப் பின்னர் கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் பரவிய கம்பிவழி ஒலிபரப்பு அது. வீட்டுச் சுவரில் ஒலிபெருக்கி மட்டும் இருக்கும். நிலையத்திலிருந்து தெருத்தெருவாக வந்த கம்பி பாட்டையே சுமந்து வந்தது. மின்துளையும் வேண்டா, மின்கலமும் வேண்டா. இங்குக் கம்பி பழுதானால் பாட்டு பழுதாகும். கம்பி நீண்டால் ஒலி தேயும்.

இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். பாட்டைச் சுமக்கும் கம்பி வேறு. பாட்டுக்கு உணவு சுமக்கும் கம்பி வேறு. மின்வடம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதில் ஓடுவது இசை அன்று. வினாடிக்கு 50 முழுச் சுழற்சிகளாகத் திசை மாறிவரும் வெறும் ஆற்றலே. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே இன்றைய மயக்கத்தின் முதல் வேர்.

நகரத்தார்க்கு ரெடிஃபியூஷன் வாய்த்தது. தோட்டப்புறத்தாருக்கு வாய்த்தது பொது வானொலி. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசர காலத்தில், அரசின் செய்தியை மக்களிடம் சேர்ப்பதற்காகப் புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் பொது வானொலிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. ஒரு பெட்டியைச் சுற்றி ஒரு கூட்டமே அமர்ந்து கேட்டது. அரசு வேண்டியது தன் செய்தி சென்று சேர்தல். மக்கள் வேண்டியது பாட்டு. இரண்டும் ஒரே பெட்டியில் வந்தன.

1950களின் இறுதியில் டிரான்சிஸ்டர் வானொலி பரவத் தொடங்கிற்று. சிறு மின்கலங்கள் சிலவற்றால் நெடுநாள் இயங்கும் அப்பெட்டி, எஞ்சின் நின்ற பின்னும் பாடியது. லயத்துப் பாட்டு மின்னாக்கியின் பிடியிலிருந்து விடுபட்டது அன்றுதான்.

லயத்துக்கு வந்த கம்பி

1949ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் மத்திய மின்சார வாரியம் அமைந்தது. சிதறிக் கிடந்த மின்நிலையங்களை அது படிப்படியாக ஒருங்கிணைத்தது. 1964ஆம் ஆண்டில் ஹட்டன்பாக் நிறுவனத்தின் மின்பணியும் அதன் கைக்கு வந்தது. மறு ஆண்டில் வாரியம் தேசிய மின்சார வாரியம் எனப் பெயர் மாறியது. 1990ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தெனாகா நேஷனல் நிறுவனமாயிற்று.

தனித்தனி மின்னாக்கிகள் நாடளாவிய மின்தொடரோடு இணைந்ததால் ஒலிக்கு விளைந்த நன்மை பெரிது. ஒரு தோட்டத்து எஞ்சினை ஓர் ஆலைப்பொறி தடுமாறச் செய்யும். நூற்றுக்கணக்கான ஊர்களைத் தாங்கும் மின்தொடரை அது அசைக்க இயலாது. அதிர்வெண் நிலைத்தது; தட்டின் சுருதியும் நிலைத்தது.

ஆயின் சாலையோரம் வந்த கம்பி லயத்துக்குள் நுழைய மேலும் பல்லாண்டுகள் ஆயின. தோட்டம் தனியார் நிலம்; வீடு முதலாளியின் உடைமை; குடியிருப்போருக்குக் கம்பி இழுக்கும் உரிமை இல்லை. 1990ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுவசதித் தரச் சட்டம், குழாய்நீரோடு போதிய மின்சாரமும் தருவதை முதலாளியின் கடமைகளுள் ஒன்றாக வைத்தது. ரவாங்கில் முதல் மின்னாக்கி சுழன்று 96 ஆண்டுகள் கழிந்த பின்னர் எழுதப்பட்ட சட்டம் அது. இதற்கிடையே தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன, செம்பனை நடப்பட்டது, வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. மக்கள் பலர் முழுநேர மின்சாரத்தை முதன்முதலாகப் பெற்றது, லயத்தை விட்டு நீங்கிப் பட்டணத்தில் குடியேறிய பின்னரே. ஆகவே அவர்களுடைய வீடுகளில் ஒலிக்கருவி ஒரு பொழுதுபோக்குப் பொருளினும் மேலானது. எஞ்சின் நிற்கும் நேரத்தைக் கணக்கிட்டு வாழ்ந்தவர் பெற்ற விடுதலையின் அடையாளம் அது.

மின்வட வாணிகம்

இனி, விலையுயர்ந்த மின்வடம் எப்போது வந்தது என்பதை ஆராய்தல் வேண்டும். பழைய வானொலிகளில் மின்வடம் பெட்டியோடு பிணைந்தே இருந்தது. மாற்ற விரும்பினும் எளிதில் மாற்ற இயலாது. 1970ஆம் ஆண்டில் அனைத்துலக மின்தொழில்நுட்ப ஆணையம், கழற்றி மாட்டும் மின்வடங்களுக்கு உரிய பொது அளவை வெளியிட்டது. அதன்பின் எந்நிறுவனத்து வடமும் எந்நிறுவனத்துக் கருவிக்கும் பொருந்தும் நிலை மெல்ல உருவாயிற்று. மாற்ற இயலும் பொருளே சந்தைக்கு வரும் என்பது வாணிகத்தின் இயல்பு.

1979ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நோயல் லீ என்பார் மான்ஸ்டர் கேபிள் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். அதுவரை ஒலிபெருக்கிக்கு விளக்கு வயரையே மக்கள் பயன்படுத்தினர். தடித்த, அழகிய வயருக்குத் தனி விலை தரவும் மக்கள் உளர் என்பதை அவர் காட்டினார். ஒலிபெருக்கி வயரைத் தொடர்ந்து மின்வடமும், அதன்பின் மின்சீராக்கியும், பிளக்கினுள் இருக்கும் உருகியும்கூட ‘ஒலியை உயர்த்தும்’ பொருள்களாக விற்கப்பட்டன. ஜப்பானில் ஒருவர் தம் வீட்டு இசைக்கென்றே தனி மின்கம்பம் நட்டுக்கொண்ட செய்தி 2016ஆம் ஆண்டில் உலகெங்கும் பேசப்பட்டது.

கணக்கு கூறுவது

மலேசியாவில் வீட்டு மின்னழுத்தம் முன்பு 240 வோல்ட் என வகுக்கப்பட்டிருந்தது. 2008ஆம் ஆண்டு முதல் அது 230 வோல்ட். நூற்றுக்கு 10 பங்கு ஏறலாம். 6 பங்கு இறங்கலாம். அஃதாவது ஏறத்தாழ 216 முதல் 253 வோல்ட் வரை எவ்வளவு வந்தாலும் கருவி செவ்வனே இயங்குதல் வேண்டும். கருவிகளும் அவ்வாறே அமைக்கப்படுகின்றன.

கடையில் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் ஒன்றரை மீட்டர் மின்வடத்தை எடுத்துக்கொள்வோர், அதன் செப்புக் கம்பி ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் பருமன் உடையது எனக் கொள்ளலாம். போக்கும் வரவுமாக மூன்று மீட்டர்ச் செம்பின் மின்தடை 0.034 ஓம். கருவி ஓர் ஆம்பியர் இழுத்தால் வடத்தில் இழக்கப்படுவது 0.034 வோல்ட். 230 வோல்ட்டில் இஃது ஏழாயிரத்தில் ஒரு பங்கு அளவே. வடத்தைப் பொன்னால் மூடினும் வெள்ளியால் முறுக்கினும் மீட்கக்கூடியது இவ்வளவில் ஒரு பகுதிதான்.

இனிச் சுவரின் உட்புறத்தை நோக்குக. மின்பலகையிலிருந்து அறைக்கு 20 மீட்டர் தூரம் இரண்டரைச் சதுர மில்லிமீட்டர்க் கம்பி ஓடுமாயின், அதன் மின்தடை ஏறத்தாழ 0.28 ஓம். அஃது மின்வடத்தினும் எட்டு மடங்கு. அதற்கப்பால் தெருக்கம்பி, அதற்கப்பால் மின்மாற்றி, அதற்கப்பால் பல கிலோமீட்டர் நீளக் கம்பித்தொடர். இவ்வளவையும் கடந்து வந்த மின்சாரத்தைக் கடைசி ஒன்றரை மீட்டர் தூய்மை செய்யும் என்பது, மலையிலிருந்து ஓடிவந்த ஆற்றுநீரைக் குடத்தின் வாய் இனிமையாக்கும் என்பதை ஒக்கும்.

மேலும், கருவியினுள் நுழைந்த மின்சாரம் நேரே இசையாவதில்லை. மின்மாற்றி அதன் அழுத்தத்தை மாற்றுகிறது. ஒருதிசையாக்கி அதன் திசையை ஒழுங்குசெய்கிறது. மின்தேக்கி அதனைத் தேக்குகிறது. சீரமைப்பி அதன் அளவை நிலைநிறுத்துகிறது. பழைய உறுமலை நீக்கிய ஏரியும் மதகும் இவையே. இவை ஒழுங்காக அமைந்த கருவிக்கு வெளியிலுள்ள வடம் சேர்ப்பது ஒன்றுமில்லை.

காது கூறுவது

‘கணக்கு எதையும் கூறட்டும்; காது கேட்கிறதே’ என்பர் சிலர். இக்கூற்றை இகழ்தல் தகாது. அவர் பொய் கூறவில்லை. அவருக்கு வேறுபாடு மெய்யாகவே தோன்றுகிறது. ஆயின் அத்தோற்றம் வடத்திலிருந்து வந்ததா, வடத்தின் விலையை அறிந்த மனத்திலிருந்து வந்ததா என்பதே கேள்வி. கண்ணை மறைத்தால் விடை கிடைக்கும்.

2004ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்து இசைக்கருவி ஆர்வலர் சங்கத்தார் இச்சோதனையை நடத்தினர். சாதாரண மின்வடம் ஒன்று. மிகுந்த விலையுள்ள மின்வடம் ஒன்று. எது இணைக்கப்பட்டுள்ளது என்பதை அறியாமல் கேட்டோர் விடை கூறவேண்டும். கிடைத்த 149 விடைகளில் சரியானவை 73. நூற்றுக்கு 49, காசைச் சுண்டினாலும் ஏறத்தாழ இவ்வளவே கிடைக்கும். சோதனையில் இருந்தோர் செவிப்பழக்கம் அற்றவர் அல்லர். இசைக்கருவிகளில் ஆழ்ந்த ஆர்வமுடையோரே. ஒரு சோதனை எல்லாவற்றையும் முடித்துவிடாது என்பது உண்மை. எனினும் கணக்கும் சோதனையும் ஒரே திசையைக் காட்டுவது கருதத்தக்கது.

இச்சோதனையை எவரும் தம் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒருவர் திரைக்குப் பின்னிருந்து, காசைச் சுண்டி, விழுந்தபடி வடத்தை இணைக்கட்டும். கேட்பவர் விடையை எழுதட்டும். ஒலியளவு மாறாதிருத்தல் வேண்டும். 16 முறை செய்து 12 அல்லது அதற்கு மேல் சரியானால் அது தற்செயலாக நேர்வது அரிது. நூற்றுக்கு நான்கு முறைக்கும் குறைவே. சேமிப்பைச் செலவிடுமுன் ஒரு மாலைப்பொழுதை இதற்குச் செலவிடுவது மிகையன்று.

மின்சீராக்கிக்கு உரிய இடம்

மின்வடத்தைத் தள்ளியதுபோல் மின்சீராக்கியை முற்றிலும் தள்ளுதல் நேர்மையாகாது. மின்னழுத்தம் வரம்பு கடந்து ஏறி இறங்கும் இடங்களில் அழுத்தத்தை நிலைநிறுத்தும் கருவி உதவும். வீடு மின்னாக்கியில் இயங்குமாயின் அது மேலும் பயன்படும். விளக்கின் ஒளியைக் குறைக்கும் திருகியும் மலிவான மின்னேற்றியும் கம்பியில் இரைச்சலைக் கலப்பதுண்டு. கருவியின் உள்ளமைப்பு எளியதாயின் அவ்விரைச்சல் சில வேளைகளில் ஒலிபெருக்கியை எட்டும். அங்கு வடிகட்டி பயன்தரும். ஆனால் நல்ல மின்சாரமும் நல்ல கருவியும் உள்ள வீட்டில் அது புதிதாகத் தெளிவைச் சேர்ப்பதில்லை. இல்லாத நோய்க்கு மருந்து இல்லை.

கெடாவின் வானம் நினைவூட்டும் தேவை வேறொன்று. உலகில் இடிமின்னல் மிகுந்த நாடுகளுள் மலேசியா ஒன்று. மின்னல் கம்பிவழி புகுந்தால் கருவி ஒரு கணத்தில் கருகும். அதைத் தடுக்கும் காப்புச் சாதனத்துக்கும், வீட்டின் முறையான நிலத்தொடர்புக்கும், அதாவது எர்த்துக்கும், செலவிடும் பணமே பயனுள்ள செலவு.

எர்த்தைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இரண்டு கருவிகள் வெவ்வேறு வழியில் நிலத்தொடர்பு பெற்றால் இடையே மின்னோட்டம் சுழன்று உறுமல் எழும். இவ்வுறுமலை நீக்கப் பிளக்கின் எர்த் வயரை வெட்டிவிடுவோர் உண்டு. உறுமல் நிற்கும், ஆயின் உயிர்க்காப்பும் நீங்கும். கருவியின் உலோகக் கூட்டில் மின்சாரம் கசிந்தால் தொடுபவர் உடலே அதற்கு வழியாகும். எல்லாக் கருவிகளையும் ஒரே மின்துளைத் தொகுதியில் இணைப்பதே இதற்குத் தக்க முறை. பெரும்பாலும் அதனாலேயே உறுமல் அடங்கும்.

முடிவு

ஒலியை மாற்றிய கம்பி உண்டா என்று வினவினால், உண்டு என்பதே வரலாறு தரும் விடை. அது பெட்டிக்கும் சுவருக்கும் இடையே உள்ள ஒன்றரை மீட்டர்க் கம்பி அன்று. பெருஞ்சாலையிலிருந்து தோட்டச் சாலைக்கும், தோட்டச் சாலையிலிருந்து லயத்துக்கும் வந்த கம்பியே அது. துடித்த மின்னோட்டத்தையும் தளர்ந்த சுருதியையும் பாதியில் நின்ற பாட்டையும் அது முடிவுக்குக் கொணர்ந்தது. அது வருவதற்கு ஒரு நூற்றாண்டுக் காலம் ஆயிற்று, வாரியமும் வேண்டியிருந்தது, சட்டமும் வேண்டியிருந்தது.

மின்சாரம் இசையைக் கெடுக்கும் என்னும் அச்சம் ஒருகாலத்தில் மெய்யறிவாக இருந்தது. காரணம் நீங்கிய பின்னும் அச்சம் நிற்கின்றது. அந்த நிற்கும் அச்சத்தையே வாணிகம் விலைக்கு விற்கின்றது. மிச்சமுள்ள பணத்தை நல்ல ஒலிபெருக்கிக்கும், அதனினும் மேலாக நல்ல பாட்டுக்கும் செலவிடுவோர் ஏமாறுவதில்லை. எஞ்சின் நிற்கும் முன் பாட்டு முடிய வேண்டுமே என்று கவலையோடு கேட்ட தலைமுறையின் பேரர்கள், இன்று நள்ளிரவிலும் அப்பாட்டை முழுமையாகக் கேட்கலாம். அதற்குச் சாதாரண மின்வடமே போதும்.